மேசையில் விண்கலம் கிளம்பாவிட்டால்: அறிகுறி பார்த்து விண்வெளி ஆர்பிஜி தேர்ந்தெடுக்கும் வழி

விண்வெளி ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடலாம் என்று நாலு பேர் முடிவெடுத்த அன்று இருக்கும் உற்சாகம், பெரும்பாலும் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் வடிந்துவிடும். ஒருவர் போனை நோண்டிக்கொண்டிருப்பார். ஒருவருக்கு வீட்டில் திடீர் வேலை வந்துவிடும். ஆட்டத்தை நடத்தும் ஜிஎம், ராத்திரியோடு ராத்திரியாக வேறு புத்தகம் தேட ஆரம்பிப்பார். நானும் அப்படித் தேடியவன்தான், அலமாரியில் சாட்சி இருக்கிறது. புத்தகத்திலேயே கோளாறு இருப்பது அபூர்வம் என்று மெதுவாகத்தான் புரிந்தது. அது ஒரு வேலைக்காக எழுதப்பட்டிருக்கும். நாம் அட்டைப்படத்தைப் பார்த்து வேறு வேலைக்கு வாங்கியிருப்போம்.

வாளும் மந்திரமுமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆர்பிஜியில் இந்தச் சிக்கல் குறைவு. குகை இருக்கிறது, உள்ளே பூதம் இருக்கிறது, பூதத்துக்குப் பின்னால் புதையல் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. 'விண்வெளி' என்று சொன்னால் எதுவும் சொன்னதாக ஆகாது. ஒருவர் மனதில் சரக்குக் கப்பல் ஓடும், இன்னொருவர் மனதில் இருட்டு நடைபாதையில் ஏதோ ஊரும், மூன்றாமவர் ராட்சத ரோபோவுக்குள் ஏறி உட்கார்ந்திருப்பார். 1976-ல் மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா, அடுத்த வருஷம் டிராவலர் என்று இந்த வகை தொடங்கியபோதே இரண்டும் இரு திசையில் போயின. முதலாவதில், தாங்கள் வாழ்வது ஒரு கப்பலுக்குள் என்பதே அதில் இருப்பவர்களுக்கு மறந்துபோயிருக்கும். இரண்டாவதில் கப்பலுக்கு மாதத் தவணை கட்ட வேண்டும்.

ஆகவே எந்த உலகம் என்று கேட்பதற்கு முன், மேசையில் மூன்று மணி நேரம் நாம் என்ன செய்துகொண்டிருக்கப் போகிறோம் என்று கேளுங்கள். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதைப் படியுங்கள். காசு செலவில்லாமல் சரிசெய்ய முடிந்ததை முதலில் சொல்கிறேன். அதற்கு மசியவில்லை என்றால்தான் ஆட்டத்தை மாற்றுவது.

"கப்பல் இருக்கு, இப்ப எங்க போறது?"

அடிக்கடி வரும் கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நட்சத்திர வரைபடம் விரித்திருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறார் ஜிஎம். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கப்பலுக்குக் கடன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிராவலர் ஆடுபவர்களில் பலர், மாதத் தவணையில் என்ன சுவாரசியம் என்று அந்த விதியைத் தூக்கிவிடுகிறார்கள். எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி ஏன் ஓடவில்லை என்று கேட்கிற கதைதான். அந்த ஆட்டத்தில் கப்பல் விலையில் 240-ல் ஒரு பங்கை மாதாமாதம் 480 மாதங்களுக்குக் கட்ட வேண்டும். நாற்பது வருஷம்! பழைய பதிப்பின் சாதாரணச் சரக்குக் கப்பலுக்கே அது மாதம் ஒன்றரை லட்சம் கிரெடிட்டைத் தாண்டும். எரிபொருள், சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் தனி. சரக்கு ஏற்றி இறக்கி மட்டும் இந்தக் கணக்கை நேர்செய்வது கஷ்டம். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் இரட்டைக் கூலி தருகிறேன் என்பார். அப்புறம் எங்கே போவது என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இரண்டாவதாக, கதாபாத்திரங்களை எப்படி உருவாக்கினீர்கள்? நேரம் மிச்சம் என்று தயாராக இருந்த பாத்திரத் தாள்களைக் கையில் கொடுத்திருந்தால் அங்கே பாதி ஆட்டம் போய்விட்டது. டிராவலரில் உங்கள் ஆளின் வாழ்க்கையை நான்கு நான்கு வருஷமாகப் பகடையில் உருட்டிக்கொண்டே போவீர்கள். கடற்படையில் சேர்ந்தான், பதவி உயர்வு கிடைத்தது, அடுத்த நான்கு வருஷத்தில் காயம், வேலை போயிற்று, ஒரு எதிரி சம்பாதித்தான். 1977 பதிப்பில் இந்தக் கட்டத்திலேயே ஆள் செத்துப்போகலாம். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே மரணம் என்பது இன்றுவரை அந்த ஆட்டத்தின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் அடிக்கும் ஜோக். மங்கூஸ் நிறுவனத்தின் இப்போதைய பதிப்பில் சாவுக்குப் பதில் விபத்தும் வேலை இழப்பும். கடைசியில் கையில் இருப்பது நாற்பது வயது, கொஞ்சம் பென்ஷன், ஒரு பழைய பகை. முதல் ஞாயிறு முழுவதையும் இதற்கே கொடுங்கள், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உருட்டுங்கள். அந்தப் பகைவன் எந்தக் கிரகத்தில் இருக்கிறான் என்ற கேள்வியே வரைபடத்தில் பாதையைப் போட்டுவிடும்.

கணக்கு என்றாலே கசக்கும் கூட்டம் என்றால் டிராவலரை விட்டுவிடுங்கள், அதில் தப்பில்லை. 2018-ல் வந்த ஸ்கம் அண்ட் வில்லனி பக்கம் போகலாம். அதில் கப்பலைத் தேர்ந்தெடுப்பதே தொழிலைத் தேர்ந்தெடுப்பது. ஸ்டார்டான்சர் என்றால் கடத்தல், செர்பரஸ் என்றால் தலைக்கு விலை வைத்த ஆட்களைப் பிடிப்பது, ஃபயர்டிரேக் என்றால் கிளர்ச்சி. திட்டம் போட்டே மூன்று மணி நேரத்தைக் கரைக்கிற குழுவுக்கும் இது மருந்து. திட்டமே வேண்டாம், நேரே வேலையின் நடுவில் குதித்துவிடலாம். பூட்டிய கதவு வந்தால், "நேற்றே காவலாளிக்குப் பணம் கொடுத்துவிட்டேன்" என்று பின்னோக்கிப் போய் ஒரு காட்சியைச் சேர்க்கலாம். அதற்கு விலையாக உங்கள் மன அழுத்தப் புள்ளி ஏறும்.

சில சமயம் வாய் திறக்காதவர் ஜிஎம்மாகவே இருப்பார். ஆட்டக்காரர்கள் ஒரு கிரகத்தைத் தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அவருக்கு ஸ்டார்ஸ் வித்அவுட் நம்பர். கெவின் கிராஃபோர்ட் 2010-ல் வெளியிட்டது, திருத்திய பதிப்பின் இலவச பிடிஎஃபே முழு ஆட்டத்துக்குப் போதும். ஒவ்வொரு கிரகத்துக்கும் இரண்டு அடையாளங்களைப் பகடை போட்டு எடுப்பீர்கள். ஒவ்வோர் அடையாளத்தின் கீழும் எதிரி யார், நண்பர் யார், சிக்கல் என்ன, தேடும் பொருள் என்ன, எந்த இடம் என்று பட்டியல் இருக்கும். இரண்டையும் உரசவிட்டால் ஒரு வாரத்துக்குக் கதை கிடைக்கும். நான் வேறு ஆட்டம் நடத்தும்போதும் கிரகங்களை இதில்தான் தயாரிக்கிறேன்.

"பேய்க்கப்பல்ல ஏறினோம், யாருக்கும் பயமே வரல"

விளக்கை அணைத்து, பின்னணி இசை போட்டு, குரலைத் தாழ்த்திப் பேசியும் ஆட்டக்காரர்கள் ஜோக் அடிக்கிறார்கள். விளக்கை விடுங்கள், அவர்கள் கையில் இருக்கும் தாளைப் பாருங்கள். அடிபட்டால் குறையும் உயிர்ப்புள்ளிகள் எக்கச்சக்கம், இடுப்பில் பெரிய துப்பாக்கி. அப்படிப்பட்ட ஆளுக்கு எந்தப் பிராணியும் கழித்தல் கணக்குதான். வீரசாகசத்துக்கு எழுதிய விதிகளை வைத்துக்கொண்டு பயமுறுத்த முடியாது.

இங்கே இரண்டு நல்ல ஆட்டங்கள் உண்டு. இரண்டிலும் பயம் வேறு வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிடாதீர்கள்.

மதர்ஷிப் 2018-ல் வந்தது. கடற்படை வீரர், விஞ்ஞானி, கப்பல் கூலியாள், ஆண்ட்ராய்டு என்று நாலே வகை மனிதர்கள் (ஆண்ட்ராய்டை மனிதர் கணக்கில் சேர்த்தால்). நூறு வரைக்கும் உருட்டி உங்கள் திறன் எண்ணுக்குக் கீழே வர வேண்டும். அந்த எண் ஆரம்பத்தில் முப்பது, நாற்பதுக்குள்தான் இருக்கும், ஆகவே தோற்பதுதான் வழக்கம். ஒவ்வொரு தோல்விக்கும் மன அழுத்தம் ஒன்று ஏறும். பீதி வரும் கட்டத்தில் இருபது முகப் பகடையை உருட்டி அந்த அழுத்தத்தை விடக் கூடுதலாக எடுக்க வேண்டும். அழுத்தம் மூன்றாக இருக்கும்போது சிரிப்பார்கள். பதினொன்றில் யாரும் சிரிப்பதில்லை. இன்னொரு விஷயம், இதில் ஒளிந்துகொள்ளும் திறமை என்று ஒன்று கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. "ஒளிகிறேன்" என்று பகடையை உருட்டித் தப்ப முடியாது. எந்த அலமாரிக்குள், கதவைச் சாத்தினாயா, மூச்சு எப்படி என்று சொல்லியாக வேண்டும். பயம் அந்தப் பேச்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டக்காரர் கையேட்டின் பிடிஎஃப் இலவசம். முதல் இரவுக்கு தி ஹாண்டிங் ஆஃப் இப்சிலான் 14 போதும். மூன்றாக மடித்த ஒரே தாள், ஒரு சுரங்க நிலையம், காணாமல் போகும் ஆட்கள்.

ஏலியன் ஆட்டம் 2019-ல் ஸ்வீடனின் ஃப்ரீ லீக் வெளியிட்டது. ஆறு முகப் பகடைகளைக் கைநிறைய உருட்டுவீர்கள், 6 விழுந்தால் வெற்றி. மன அழுத்தம் ஏற ஏறக் கையில் கூடுதல் பகடைகள் சேரும், அதாவது பதற்றத்தில் நீங்கள் இன்னும் நன்றாகவே வேலை செய்வீர்கள். ஆனால் அந்த அழுத்தப் பகடைகளில் ஒன்றில் 1 விழுந்தால் பீதிக்கு உருட்ட வேண்டும். ஒருவர் அலறினால் பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து ஆடிப்போவார். மதர்ஷிப்பில் மெல்ல மூழ்குவீர்கள், இதில் பட்டாசுத் திரி மாதிரி எரிந்துகொண்டே போய் வெடிப்பீர்கள். சினிமா பாணி ஆட்டங்களில் ஒவ்வொருவருக்கும் ரகசிய நோக்கம் ஒன்று உண்டு, அது கதையின் ஒவ்வொரு அங்கத்திலும் மாறும். கூட இருப்பவரை நம்பலாமா என்ற சந்தேகம் வந்துவிட்டால் பிராணி வராமலே ராத்திரி ஓடிவிடும்.

இரண்டுக்கும் ஒரு எச்சரிக்கை. உடம்பு சிதைவது, மூடிய இடத்தில் மாட்டிக்கொள்வது, கர்ப்பம் சார்ந்த கொடூரம் எல்லாம் இந்த வகையில் சாதாரணமாக வரும். யாருக்கு எது வேண்டாம் என்று ஆட்டத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். நண்பர்கள்தானே, தெரியாதா என்று இருந்துவிடாதீர்கள். சமீபத்தில் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தவர் அதை மேசையில் சொல்லியிருக்க மாட்டார்.

"ஹேக்கர் விளையாடுறான், நாங்க டீ குடிக்கிறோம்"

ஹேக்கர்களும் கூலிப்படையும் திரியும் வருங்கால நகரக் கதைகளான சைபர்பங்க் ஆட்டங்களின் பரம்பரை வியாதி. ஒருவர் நெட்டுக்குள் போவார், அவருக்கென்று தனி வரைபடம், தனி எதிரிகள், தனிச் சண்டை. மற்ற மூவரும் நிஜமாகவே எழுந்து கடைக்குப் போய் வந்த நாட்கள் எங்களுக்கு உண்டு. வடையும் வந்தது, அவன் இன்னும் வெளியே வரவில்லை.

சைபர்பங்க் ரெட், 2020-ல் வந்த பதிப்பு, இதைத் தெரிந்தே சரிசெய்திருக்கிறது. நெட்ரன்னர் எனப்படும் ஹேக்கர் வீட்டில் உட்கார்ந்து ஹேக் செய்ய முடியாது, இணைப்புப் புள்ளியிலிருந்து ஆறு மீட்டருக்குள் உடம்போடு வந்து நிற்க வேண்டும். அவருடைய முறையும் மற்றவர்கள் சுடுகிற அதே சுற்றில்தான் வரும். குண்டுகளுக்கு நடுவே ஒருவன் கண்ணை மூடி நிற்கிறான், மற்றவர்கள் அவனுக்கு மறைப்பாக நிற்கிறார்கள் என்று காட்சியே மாறிவிடுகிறது. பழைய பதிப்பை வைத்து ஆடுபவர்கள் இந்த ஒரு விதியை மட்டும் கடன் வாங்கினாலும் போதும். எதையும் மாற்ற மனமில்லை என்றால் ஹேக்கிங்கை ஒரே உருட்டலாகச் சுருக்கிவிடுங்கள்.

"ஒரு சண்டை, ரெண்டு மணி நேரம்"

சண்டை நீளம் என்று புலம்புகிறவர் யார் என்று பாருங்கள். ஒருவர் மட்டும் புலம்பி மூன்று பேர் கட்டத்தில் பொம்மையை நகர்த்தி மகிழ்கிறார்கள் என்றால் ஆட்டம் சரியாகவே ஓடுகிறது. அவர்களுக்கு லான்சர் வாங்கிக் கொடுக்கலாம். 2019-ல் வந்தது, மனிதர் ஏறி ஓட்டும் போர் இயந்திரங்கள், சண்டையே அதன் உயிர். ஆட்டக்காரருக்கு வேண்டிய விதிகள் இலவசம், இயந்திரத்தைப் பூட்டிக் கழற்றிப் பார்க்க காம்ப்/கான் என்ற இணையக் கருவியும் இலவசம். ஸ்டார்ஃபைண்டரும் இதே ருசிக்காரர்களுக்கு.

எல்லோருமே புலம்பினால், கட்டம் போட்ட எந்த ஆட்டமும் உங்களுக்கு வேண்டாம்.

"ரூல்புக்கை யாரும் படிக்கல"

படிக்க மாட்டார்கள். இதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. ஒரு முறை தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி, பிடிஎஃபை எல்லோருக்கும் அனுப்பி, ஒரு மாதம் அவகாசமும் கொடுத்தேன். ஆட்ட நாளன்று ஒருவர் முன்னுரை வரைக்கும் வந்திருந்தார். இன்னொருவர் படங்கள் அழகாக இருப்பதாகச் சொன்னார்.

வழி இது. மேசையில் பேசுவது தமிழில், விதிகள் இருப்பது ஆங்கிலத்தில். நடுவில் ஒரு பாலம் வேண்டும். எந்த ஆட்டமானாலும் ஜிஎம் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். எதை உருட்டுவது, எவ்வளவு வந்தால் ஜெயம், அடிபட்டால் என்ன ஆகும், ஒரு முறையில் என்னென்ன செய்யலாம். இந்த நாலையும் ஒரு பக்கத்தில் அடக்க முடியாவிட்டால் அந்த ஆட்டம் இந்தக் கூட்டத்துக்கு ஆகாது என்று அர்த்தம். டிராவலர் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறும். இரண்டு ஆறு முகப் பகடை, திறமையைக் கூட்டு, 8 வந்தால் ஜெயம். பகடைக்கும் அலைய வேண்டாம், வீட்டு லூடோ பெட்டியில் இருப்பதே போதும்.

அதுவும் கனம் என்றால் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். ஜான் ஹார்ப்பர் எழுதியது, 2013, ஒரே பக்கம், இலவசம். 2-லிருந்து 5-க்குள் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அறிவு, இயந்திரம் சம்பந்தப்பட்ட காரியம் என்றால் பகடை அந்த எண்ணுக்குக் கீழே வர வேண்டும். உணர்ச்சி, பேச்சு, ஆவேசம் என்றால் மேலே. ஆகவே கணக்கில் புலியாக இருப்பவர் காதலில் தடுமாறுவார். எண்ணே அப்படியே விழுந்தால் ஜிஎம்மிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். மாதக்கணக்கில் ஓடாது, ஓட வேண்டியதும் இல்லை. புதிய கூட்டத்தோடு நான் எப்போதும் இதைத்தான் முதலில் ஆடுவேன். ஆட்டத்தை விடக் கூட்டத்தைத் தெரிந்துகொள்ளவே. அன்று ராத்திரி யார் சுட்டார், யார் பேரம் பேசினார், யார் கப்பலைப் பழுது பார்த்தார் என்று குறித்து வையுங்கள். அடுத்து வாங்க வேண்டிய புத்தகத்தின் பெயர் அதில் இருக்கும்.

"கேப்டனே எல்லாத்தையும் முடிவு பண்றார்"

ஒருவர் கேப்டன் என்றதும் மற்றவர்கள் சிப்பந்திகளாகிவிடுகிறார்கள். கேப்டன் நாற்காலியை ஆட்டக்காரர் அல்லாத ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்து, அவரை அடிக்கடி மயங்கி விழச் செய்வது செலவில்லாத வழி. ஸ்டார் ட்ரெக் அட்வென்சர்ஸில் இன்னும் நேர்த்தியான வழி இருக்கிறது. உங்கள் முக்கியப் பாத்திரம் கப்பலிலேயே இருக்க வேண்டிய காட்சியில், கிரகத்தில் இறங்கும் குழுவுக்கு ஒரு துணைப் பாத்திரத்தை அங்கேயே உருவாக்கி நீங்களே ஆடலாம். கேப்டன் ஆடுபவர் ஒரு சாதாரண மருத்துவ உதவியாளராக இறங்கி, வேறொருவரின் உத்தரவுக்குக் காத்திருப்பதைப் பார்ப்பது தனி சுகம்.

நேர்மாறாக, ஒருவரை ஒருவர் கவிழ்ப்பதுதான் உங்கள் கூட்டத்தின் பொழுதுபோக்கு என்றால் தடுக்காதீர்கள். 1984-லிருந்தே பாரனாயா என்ற ஆட்டம் இருக்கிறது. எல்லாம் தெரிந்த ஒரு கணினி ஆள்கிறது, எல்லோரும் துரோகிகள், ஒவ்வொருவருக்கும் ஆறு குளோன்கள். விதிகளைத் தெரிந்து வைத்திருப்பதே அதில் தேசத்துரோகம் என்பதால், ரூல்புக் படிக்காத கூட்டத்துக்கும் பொருத்தம்.

"அது இயற்பியல்படி நடக்காது"

என்ஜினியர்கள் நிறைந்த மேசையில் இது வராமல் இருக்காது. விண்வெளியில் சத்தம் எப்படிக் கேட்கும் என்று ஒருவர் ஆரம்பித்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. எதையெல்லாம் கேட்காமல் நம்புவது என்று முதல் நாளே மூன்றை எழுதி ஒட்டிவிடுங்கள். கறாரானது என்று பெயரெடுத்த டிராவலரிலேயே கப்பலுக்குள் செயற்கை ஈர்ப்பும் ஒளியை மிஞ்சும் தாவலும் உண்டு. கேட்டவர் திருப்தியாகவே மாட்டார் என்றால் அவரைக் கப்பல் என்ஜினியர் ஆக்குங்கள். விளக்கம் சொல்லும் பொறுப்பு அவருக்கே.

"அந்த உலகத்தைப் பத்தி அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்"

புகழ்பெற்ற சினிமா, டிவி உலகங்களில் ஆடும்போது வரும். ரசிகர் ஒருவர் திருத்திக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் வாய் திறக்கப் பயப்படுவார்கள். அந்த உலகத்தின் மூலையில், யாரும் எழுதாத ஒரு கிரகத்துக்கு ஆட்டத்தை நகர்த்துங்கள். அல்லது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புதிதாக இருக்கும் உலகத்துக்கு மாறுங்கள். கோரியோலிஸ் நல்ல மாற்று. அரபுக் கதைகளின் வாசனை கலந்த விண்வெளி, தோல்வியில் முடிந்த உருட்டலை மறுபடி உருட்ட வேண்டுமானால் உருவத் தெய்வங்களை வேண்டிக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் எலுமிச்சம்பழம் வைத்து வண்டி எடுக்கிற நமக்கு அது புதிதாகவே தோன்றாது.

"யாருமே வரல"

தேதி பொருந்தவில்லை. ஒருவருக்கு நைட் ஷிப்ட், ஒருவருக்குக் குழந்தை, ஒருவர் வெளிநாடு போய்விட்டார். இதை எந்த விதியும் சரிசெய்யாது. ஆனால் ஆள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஷான் டாம்கின் எழுதிய அயர்ன்ஸ்வோர்ன்: ஸ்டார்ஃபோர்ஜ்ட், 2022, தனி ஆளாகவும் ஆட எழுதப்பட்டது. ஜிஎம் வேலையைப் புத்தகத்தின் பட்டியல்கள் பார்த்துக்கொள்ளும். கதவுக்குப் பின்னால் என்ன, அந்த அந்நியன் என்ன கேட்கிறான் என்பதெல்லாம் பகடைதான் சொல்லும். ஆறு முகப் பகடையில் உங்கள் திறனைக் கூட்டி, இரண்டு பத்து முகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் மிஞ்சினால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்து வெற்றி, எதையும் மிஞ்சாவிட்டால் வில்லங்கம். உங்கள் ஆள் ஒரு சபதம் எடுத்துக்கொண்டு கிளம்புவான், அதை நிறைவேற்றுவதுதான் கதை.

நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிஷம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், அப்புறம் மணி பார்க்க மறந்துவிடும். அடுத்த ஞாயிறு யாராவது ஒருவர் வந்து கதவைத் தட்டினால் ஆட்டத்தைக் கலைக்க வேண்டியதில்லை. அதே விதிகளை இரண்டு மூன்று பேர் சேர்ந்தும் ஆடலாம், வந்தவருக்கு ஒரு தாளைக் கொடுத்துக் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள்.